தண்ணி கேட்காத செடிகளும் எங்கக்காவும்

என் முன்பல்லில் ஒரு மூலை இல்லை. எங்கக்கா உடைத்தது. எனக்கு அப்போது பதினோரு வயது. பம்மலில் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, "அண்ணா, மண்ணெண்ண இன்னும் கொஞ்சம் ஊத்துங்கண்ணா" என்று கெஞ்சினேன். பின்னால் நின்ற அக்கா கையிலிருந்த கேனாலேயே என் வாயில் ஒன்று வைத்தாள். ரத்தம் ஒழுக ஒழுக வீட்டுக்கு நடந்தோம்.

"அளவு அவனுக்குத் தெரியும். நீ இன்னாத்துக்குடி பல்ல காட்டிகினு நிக்கற?" என்றாள்.

சாயந்திரம் வாய் வீங்கிப்போனதும் ஐஸ் கொண்டுவந்து வைத்தாள். அதையும் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. தெருவில் போன மீன்காரம்மா கூடையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். ராத்திரி முழுக்க என் வாயில் வஞ்சிர மீன் வாசனை.

அவள் செத்துப் பல வருஷம் ஆகிறது. அவள் புருஷன், எங்க மாமாதான் கொன்றார். அவரை இனி மாமா என்று சொல்லக் கூடாது, ஆனால் வேறு எப்படியும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அருவாள் கை தவறிப் பட்டுவிட்டது என்று அவர் கோர்ட்டில் சொன்னார். அது பொய் என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், எங்கக்கா கடைசியில் அவரிடம் கெஞ்சினாள் என்பதை நான் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். உயிரோடு இருந்த நாளில் யாரிடமும் எதையும் கேட்காதவள் அவள். சொன்னால் அவள் மானம் போகும். சொல்லாவிட்டால் அவர் வெளியே வந்துவிடுவார். இரண்டு வருஷம் அந்த ஒன்றைத் தொண்டையில் வைத்துக்கொண்டு சுற்றினேன்.

அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்தால்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அவளுக்குச் செடி வேலை. முதலில் ஜிஎஸ்டி ரோட்டு ஓரத்தில் ஒரு நர்சரியில் தொட்டிக்கு மண் ரொப்பிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஊரப்பாக்கம், வண்டலூர் பக்கம் புதுசு புதுசாக வீடு கட்டிக்கொண்டு வந்தவர்களுக்குத் தோட்டம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். மழையே இல்லாத வருஷங்கள் அவை. ஏரியெல்லாம் வெடித்துக் கிடந்தது. போர் போட்டால் புழுதிதான் வந்தது. எல்லாத் தெருவிலும் கலர் கலராகக் குடங்கள் வரிசையாக நிற்கும். மற்ற தோட்டக்காரர்கள் தொழிலை விட்டுவிட்டுக் கொத்து வேலைக்குப் போனார்கள். எங்கக்காவுக்கு மட்டும் அப்போதுதான் வேலை குவிந்தது. ஏனென்றால் அவள் வைக்கிற செடி தண்ணீர் கேட்காது.

ஊரப்பாக்கத்தில் ஒரு டீச்சரம்மா. ரிட்டயர் ஆனவர், மகள், பேரப்பிள்ளையோடு இருந்தார். வாசலில் புல்தரை போட்டு ஓரத்தில் ரோஜா வைக்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. நானும் அக்காவோடு போயிருந்தேன்.

"உங்க போர்ல தண்ணி எவ்ளோ நேரம் ஓடுது டீச்சர்?" என்று கேட்டாள் அக்கா.

"காலைல பத்து நிமிஷம் ஓடும்மா. அப்புறம் காத்துதான்."

"அந்தப் பத்து நிமிஷத்துல குளிக்கப் போறது நீங்களா, புல்லா?"

டீச்சர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அங்கே ஏற்கெனவே மூன்று ரோஜாச் செடி தலை தொங்கி நின்றுகொண்டிருந்தது. நேராகப் போய் வெறுங்கையால் பிடித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். முள் ஏறி உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ரத்தம் கோடு போட்டது.

"ஐயோ, அது நான் ஆசையா வாங்கி வச்சதும்மா!"

"இது செடியா டீச்சர்? பிச்சைக்காரி. வாசல்ல நின்னுகினு நாள் பூரா தண்ணி தண்ணின்னு கூவிகினு கீது. உங்களுக்குப் பாவமா இல்ல? எனக்கு எரிச்சலா கீது." பிடுங்கியதைக் குதிகாலால் மிதித்து நசுக்கினாள்.

அதுதான் அவள் வழக்கம். வாடி நிற்கிற செடியைப் பார்த்தால் மற்றவர்களுக்குத் தண்ணீர் ஊற்றத் தோன்றும். அவளுக்கு மிதிக்கத் தோன்றும். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

ஆனால் அப்புறம் அவள் செடி தேர்ந்தெடுக்கிற அழகைப் பார்க்க வேண்டும். வீட்டை ஒரு சுற்று சுற்றுவாள். வெயில் எங்கே விழுகிறது, செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, எந்தச் சுவர் மத்தியானம் கொதிக்கிறது என்று கை வைத்துப் பார்ப்பாள். மேற்கே புங்க மரம், "அந்தச் செவுத்துக்கு அது குடை புடிக்கும்." வேம்பு வேண்டுமென்றால் டேங்க்கிலிருந்து தள்ளி மூலையில். கேட்டுக்கு மேலே காகிதப்பூ. "இதுக்குத் தண்ணி காட்டினீங்கன்னா வெறும் எலையா கொட்டும். பட்டினி போட்டாத்தான் பூக்கும்." காம்பவுண்டு ஓரமாக எல்லா வீட்டுக்கும் அரளி வைப்பாள். டீச்சர் வீட்டில் வாயில் எதையும் போட்டுக்கொள்கிற வயசில் பேரன் இருந்ததால் அரளியை வேண்டாம் என்றுவிட்டு நந்தியாவட்டை வைத்தாள். அடியில் நித்தியகல்யாணி. கல்லு மேடு மாதிரி இருந்த இடத்தில் ஆவாரம். பழம் வேண்டும் என்றால் சீத்தா, மாதுளை, பெருநெல்லி. "இதுங்கல்லாம் ரோஷக்காரச் செடிங்க டீச்சர். செத்தாலும் சாவும், வாயத் தொறந்து கேக்காது."

வைத்த உடனே பட்டினி போட மாட்டாள். அதில் கவனமாக இருப்பாள். முழங்கால் ஆழம் குழி வெட்டி, அடியில் தேங்காய் மட்டையைக் கவிழ்க்காமல் மல்லாக்கப் போட்டு, மேலே காய்ந்த சருகை மெத்தை மாதிரி மூடி வைப்பாள். முதல் மாதம் தினம் ஒரு குடம். அப்புறம் மூன்று நாளைக்கு ஒன்று. அப்புறம் வாரத்துக்கு ஒன்று. வேர் தண்ணீரைத் தேடி ஆழமாகப் போய்விட்டது என்று தெரிந்த அன்றைக்குத் தோட்டத்துக் குழாயின் திருகைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவாள். வீட்டுக்காரர்கள் கேட்டாலும் தர மாட்டாள். எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு டப்பா நிறைய அடுத்தவர் வீட்டுக் குழாய்த் திருகு கிடந்தது.

டீச்சரம்மா மனசு கேட்காமல் அரிசி கழுவின தண்ணீரை ஒரு சொம்பில் மறைத்துக் கொண்டுவந்து மாதுளைக்கு ஊற்றியதை ஒருநாள் அக்கா பார்த்துவிட்டாள். ஓடிப் போய் டீச்சர் கையில் பட்டென்று ஒரு அடி. சொம்பு உருண்டது. நான் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

டீச்சர் கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் நான் அடிச்சேன். ஒருத்தரும் திருப்பி அடிக்கல. நீதான் எல்லாருக்கும் சேத்து அடிச்சிருக்க."

அந்த மாதுளை அந்தக் கோடையிலேயே பூத்தது. அடித்த அக்கா கையிலேயே டீச்சர் பழம் கொடுத்தார்.

எங்கப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர். வீட்டில் பெல்ட்டுக்குப் பஞ்சமில்லை. எதற்கு அடிக்கிறார் என்று பாதி நாள் அவருக்கே தெரியாது. அடித்துக்கொண்டே, "இனிமே பண்ண மாட்டேன்னு சொல்லு" என்பார். நான் முதல் அடியிலேயே சொல்லிவிடுவேன். "இனிமே பண்ண மாட்டேம்பா, விட்டுடுப்பா, சாமி சத்தியமா" என்று காலைக் கட்டிக்கொள்வேன். எனக்கு மூன்று அடியோடு முடிந்துவிடும். அவள் வாயைத் திறக்க மாட்டாள். எனக்கு விழ வேண்டியதும் சேர்ந்து அவளுக்கே விழும். எங்கம்மா ஆஸ்பத்திரியில் செத்த அன்றைக்குக்கூட அடித்தார். அன்றைக்கு அவள் பெல்ட்டின் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பதினைந்து வயசு இருக்கும். அவர் இழுக்க, அவள் இழுக்க, கடைசியில் அவர் கையைக் கடித்துவிட்டாள். சதை வந்தது. துப்பிவிட்டு அடுப்பு பற்ற வைக்கப் போனாள். அதற்கப்புறம் அப்பா அவளை அடிக்கவில்லை. என்னை அடிக்கும்போதுகூட அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அடிப்பார்.

"நீ ஒருதரம் சொல்லியிருந்தா விட்டிருப்பாருல்லக்கா" என்று பின்னாளில் கேட்டேன்.

"சொன்னா அடி கம்மியாவும். ஆனா அந்த அடி எனக்கு இன்னும் வலிக்கும்டி" என்றாள்.

தண்ணி லாரிச் சண்டையையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு இரண்டு நாளைக்கு ஒரு தரம் லாரி வரும். குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன், "அண்ணா அண்ணா" என்று கொஞ்சிப் பேசுகிற பெண்களுக்கு ஒரு குடம் கூடப் பிடித்துவிடுவான். பேசாமல் நிற்கிற எங்கக்காவுக்கு வரும்போது, "இன்னாம்மா, வாயத் தொறந்து கேட்டாத்தான் ஊத்துவேன். அண்ணான்னு ஒரு தடவ சொல்லு" என்றான். வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் குடத்தால் அவன் மண்டையில் அடித்தாள். பிளாஸ்டிக் குடம்தான், ஆனால் விளிம்பு பட்டு நாலு தையல். குழாய் கையிலிருந்து நழுவிப் பாம்பு மாதிரி துள்ளி, தண்ணீரெல்லாம் தெருவில் ஓடியது. பெண்கள் ஓடி வந்து சேலையைப் போட்டு உறிஞ்சிப் பிழிந்தார்கள். ஒருத்தி அக்காவின் முடியைப் பிடித்து இழுத்தாள். அக்கா அவளை முழங்கையால் இடித்துச் சாக்கடையில் தள்ளினாள்.

ஒரு வாரம் லாரி எங்கள் தெருவுக்கு வரவில்லை. எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசலுக்கு வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "உன் ரோஷத்துக்கு எங்க புள்ளைங்க தண்ணியில்லாம சாவணுமாடி?"

அக்கா என்னிடம் திரும்பி, "நம்ம தோட்டத்துல ஒண்ணுக்காச்சும் எல வாடிச்சா பாரு" என்றாள்.

"நம்மல்லாம் செடியாக்கா?" என்றேன்.

அறைந்தாள். அறைந்துவிட்டு இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டி எங்கேயோ இருந்த வயல் கிணற்றுக்கு நடந்தே போனாள். ஒரு குடத்தைக் கொண்டுவந்து எதிர்வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான்.

இப்போது மரத்தை மிரட்டுகிற சமாச்சாரம். இது தெரியாமல் மிச்சம் புரியாது.

பூக்கிற மரம் காய் பிடிக்காமல் உதிர்த்துக்கொண்டே இருந்தால், எங்கள் பக்கத்தில் அதை மிரட்டுவார்கள். ஒருத்தர் அருவாளை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போக வேண்டும். அருவாளின் பின்பக்கத்தால் மரத்தில் மூன்று தட்டு. "காய்க்காத மரம் எதுக்கு? வெட்டட்டுமா? வெட்டட்டுமா?" என்று கத்த வேண்டும். இன்னொருத்தர் ஓடி வந்து மரத்தைக் கட்டிக்கொண்டு, "வெட்டாத, வெட்டாத, அடுத்த வருஷம் காய்க்கும், நான் சொல்றேன், விட்டுடு" என்று மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். அருவாள்காரர் முறைத்துவிட்டு, "சரி, இந்த ஒரு தடவை விடறேன்" என்று போய்விடுவார். அவ்வளவுதான். அடுத்த வருஷம் காய்க்கும். காய்த்ததை நானே பார்த்திருக்கிறேன்.

தோட்டம் போட்ட வீட்டிலெல்லாம் அக்காவை இதற்குக் கூப்பிடுவார்கள். அருவாள் எப்போதும் அவள் கையில்தான். கெஞ்சுகிறவள் எப்போதும் நான்தான். அவள் கண்ணை உருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால் நிஜமாகவே அழுதுவிடுவேன். தெருவே கூடி நின்று சிரிக்கும். "தங்கச்சி சூப்பரா அழுவுதுப்பா, இதுக்கே ரெட்டைக் காய் புடிக்கும்" என்பார்கள்.

ஒருதரம் எனக்கு அம்மை போட்டிருந்தது. கெஞ்ச ஆளில்லை. "நீ கெஞ்சு, நான் அருவாளப் புடிக்கறேன்" என்று அந்த வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அருவாளை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டாள். "வெளாட்டுக்குக்கூட வராதுடி எனக்கு" என்றாள்.

மாமாவைப் பற்றி. மறைமலை நகரில் கார் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தார். நல்லவராகத்தான் இருந்தார். கல்யாணமான புதுசில் அவள் திட்டினால் சிரிப்பார். அவள் அடித்தாலும் சிரிப்பார். "உங்கக்கா அடிச்சா கொசு கடிச்ச மாதிரி கீது" என்று என்னிடம் சொல்வார். ஆறு வருஷம் குழந்தை இல்லை. அவர் அம்மா ஊரிலிருந்து வரும்போதெல்லாம், "கோயிலுக்குப் போய் மடிப்பிச்சை கேளுடி" என்பார். "புள்ள கேட்டு வாங்கற சாமானா? வந்தா வரட்டும், வராட்டி போவட்டும்" என்பாள் அக்கா. சாமியிடமே கேட்காதவள்.

அப்புறம் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். மாமாவும் நின்றார். குடிக்க ஆரம்பித்தார். அவர் அடிக்க ஆரம்பித்ததும் அப்போதுதான். அவளும் சும்மா இருக்க மாட்டாள், திருப்பி அடிப்பாள். நான் பக்கத்துப் போர்ஷனில் இருந்தேன். நடுவில் ஒரு சுவர்தான். சனிக்கிழமையானால் பாத்திரம் பறக்கும் சத்தம், இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தும் சத்தம். அவள் விரல் ஒன்று உடைந்து கோணலாகவே ஒட்டிக்கொண்டது. அவர் புருவத்தில் தோசைக் கரண்டித் தழும்பு.

அந்தக் கம்பெனி மேனேஜர் வீட்டுத் தோட்டம் எங்கக்கா போட்டது. மாதம் ஒருமுறை அங்கே போவாள். மேனேஜர் அவளிடம் நின்று பேசுவார். அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாமாவுக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்கும். மாமா முதலில் நல்லபடியாகத்தான் சொன்னார். அப்புறம் காலில் விழுந்து சொன்னார். அப்புறம் அடித்துச் சொன்னார். அவள் கேட்கப் போகவில்லை.

மூன்று நாள் தொடர்ந்து சண்டை. அவள் கன்னம் ஊதியிருந்தது. நான் போய்ச் சொன்னேன்: "ஒரு வார்த்தைதானக்கா. செத்தா போயிடுவ? போயி கேளுக்கா. இல்லன்னா அந்தாளு உன்ன கொன்னுடுவாரு."

"கொல்லட்டும். அவரு ஆம்பள, அவரு வேலைக்கு அவரு போயி நிக்கட்டும். நான் எவன் வாசல்லயும் நிக்க மாட்டேன்."

"உனக்குப் புருஷன் முக்கியமா, திமிரு முக்கியமா?"

உடைந்த விரலோடு என்னை அறைந்தாள். அவளுக்குத்தான் அதிகமாக வலித்திருக்கும். "இனிமே என் வூட்டுப் பக்கம் வராத" என்றாள். நானும் போகவில்லை. வியாழக்கிழமை அது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் வாசலில் உட்கார்ந்து நான் வேலை பார்க்கிற எக்ஸ்போர்ட் கம்பெனி யூனிஃபாரத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், அவள் தோட்டத்தில், டொக் டொக் என்று மரத்தில் அருவாள் படுகிற சத்தம். "காய்க்காத மரம் எதுக்கு? வெட்டட்டுமா? வெட்டட்டுமா?" என்று மாமா குரல்.

அந்த வருஷம் அவள் சீத்தா பூவெல்லாம் கொட்டிவிட்டிருந்தது. அதைத்தான் மிரட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பாத்திரச் சத்தம் இல்லை, அவள் கத்துகிற சத்தம் இல்லை. இரண்டு பேரும் ராசியாகிவிட்டார்கள் போல என்று சந்தோஷம்கூட வந்தது.

அப்புறம் ஒரு பொம்பளைக் குரல் கெஞ்சியது. மெல்லிசான குரல். யார் என்று எனக்குத் தெரியவில்லை. "நாளைக்கே... கால்ல வுழறேன்... நாளைக்கே..." என்று காதில் விழுந்தது.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் மரத்துக்காகக் கெஞ்சினவள் நான். சண்டை போட்ட மூன்றாம் நாளே வேறு எவளையோ கூட்டிவந்து நிறுத்திவிட்டாளே என்று கோபம். அந்தப் புதுசுக்குச் சொல்லவும் தெரியவில்லை. அடுத்த வருஷம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாளைக்கு நாளைக்கு என்கிறது. தெரியாதவளைக் கூட்டிவந்தால் இப்படித்தான் என்று மனசுக்குள் சிரித்தேன்.

எதிர்வீட்டு அக்கா குடத்தோடு போனவள் நின்று, "இன்னாடி, உன்ன வுட்டுட்டு வேற ஆளா? நல்லாத்தான் கெஞ்சுது, உன்னவிட!" என்றாள்.

"போட்டும், எனக்கென்ன" என்று துணியை ஓங்கித் துவைத்தேன். அந்தச் சத்தத்தில் அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

மாமா தெருவில் ஓடினதைப் பார்த்துத்தான் போனேன். சீத்தா மரத்தடியில் கிடந்தாள். கழுத்திலும் தோளிலும் வெட்டு. சருகு மெத்தை எல்லா ரத்தத்தையும் உறிஞ்சியிருந்தது. தோட்டத்தில் வேறு எந்தப் பொம்பளையும் இல்லை. நான் முதலில் அந்தப் பொம்பளையைத்தான் தேடினேன். அரளிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கக்கூஸ் கதவைத் தட்டினேன். "ஏய் யாரு, யாரு இருந்தது?" என்று கத்தினேன். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அவள் கெஞ்சி நான் ஒருநாளும் கேட்டதில்லை, அதனால்தான் கூடப் பிறந்தவள் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

போலீஸ் கேட்டபோது, "நான் துணி தொவைச்சிகினு இருந்தேன், ஒண்ணும் கேக்கல" என்றேன். எதிர்வீட்டு அக்கா உண்மையாகவே, "மரத்த மெரட்டறாங்கன்னு நெனச்சோம் சார்" என்று சொல்லிவிட்டாள். மாமா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆமாம், மரத்தை மிரட்டினோம், அவள்தான் மரத்துக்காகக் கெஞ்சினாள், குறுக்கே வந்தாள், கை வழுக்கிவிட்டது, பயத்தில் ஓடிவிட்டேன். இரண்டு வெட்டுக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது.

செங்கல்பட்டு கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். மாமா எதிரே நின்றார். மெலிந்து போயிருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், வீட்டுக்கு வந்தால் ஆட்டுவாரே, அப்படி. அரசாங்க வக்கீல் எழுந்தார்.

"அன்னைக்கு ஏதாவது சத்தம் கேட்டுச்சாம்மா?"

உடைந்த பல்லை நாக்கு தடவிக்கொண்டே இருந்தது. ஜட்ஜய்யா நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டுச்சு சார்" என்றேன்.

மாமாவின் வக்கீல் துள்ளி எழுந்தார். "போலீஸ்ல கேக்கலன்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன் சார்."

"ஏன்?"

"வெக்கமா இருந்துச்சு."

"யாருக்கு வெக்கம்? உங்களுக்கா?"

"எனக்குக் கொஞ்சம். எங்கக்காவுக்கு நெறைய."

அவருக்குப் புரியவில்லை. ஒரு குரல் கெஞ்சினதையும், அது யார் குரல் என்று அப்போது எனக்குத் தெரியாமல் போனதையும் சொன்னேன். "சரி, கெஞ்சற குரல் கேட்டுச்சு. யார் குரல்னு உங்களுக்கே தெரியலங்கறீங்க. என் கட்சிக்காரரும் அதைத்தானே சொல்றார்? அவங்க மரத்துக்காகக் கெஞ்சினாங்க. இதில் கொலை எங்கே வந்தது?"

"எங்கக்கா மரத்துக்காகக் கெஞ்ச மாட்டா சார். யாரு வூட்ல வேணா கேட்டுப் பாருங்க. அருவாளைத்தான் புடிப்பா. அப்பிடியே கெஞ்சினாலும் அடுத்த வருஷம் காய்க்கும்னுதான் சொல்லணும். அதான் முறை. இவ நாளைக்கேன்னு சொன்னா. நாளைக்கே போறேன், கால்ல வுழறேன்னு சொன்னா. அன்னிக்கு ஞாயித்துக்கெழம, மறுநாள் திங்கக்கெழம. மேனேஜர் வூட்டுக்குப் போறேன், அவரு கால்ல வுழுந்து உனக்கு வேலை கேக்கறேன்னு சொல்லியிருக்கா சார். நாளைக்கு எந்த மரம் சார் காய்க்கும்?"

மாமா தலையைக் குனிந்தார். அதற்கப்புறம் நிமிரவே இல்லை. எதிர்வீட்டு அக்கா பின்னால் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். கடைசியில் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்ததற்கு இந்தச் சாட்சி பெரிய காரணம் என்று பின்னால் அரசாங்க வக்கீல் சொன்னார்.

ஆனால் அன்றைக்கு நான் உடனே கூண்டை விட்டு இறங்கவில்லை. ஜட்ஜய்யா நான் சொன்னதை டைப் அடிக்கிற அம்மாவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "இறந்துபோன என் அக்கா தன் கணவரிடம் கெஞ்சினார்" என்றார்.

"ஐயா" என்றேன். "கெஞ்சினான்னு போடாதீங்கய்யா. உங்களக் கேட்டுக்கறேன். அவ அப்பிடி இல்ல. வேற வார்த்த எதுனா இருந்தா அதப் போடுங்கய்யா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேற என்னம்மா போடறது? நீயே சொல்லு."

யோசித்தேன். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையையும் யோசித்துப் பார்த்தேன். டைப் அடிக்கிற அம்மா விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக் காத்திருந்தார்.

"அதையே போட்டுக்குங்கய்யா" என்றேன்.